மாசிலாமணி ஒளிந்திருக்கும் இடம்

பாப்பா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்னாலேயே சொன்னவன் நான். அதை முதல் வரியிலேயே எழுதிவைத்துவிடுகிறேன். பிறகு யாரும் வந்து அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போகக் கூடாது. உனக்கு வந்தது வெளியிலிருந்து வந்த சீக்கு இல்லை, உள்ளே இருக்கிறவர்களே பார்த்த வேலை என்று டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே நான் சொன்னேன். உன் அம்மா இருந்தால், “அவன் எங்கே சொன்னான், டாக்டர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னான்” என்பாள். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மறுத்துப் பேச ஆள் இல்லாததால் நான் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்.

இன்று காலை கீழே டீக்கடைக்கு ஐஸ் வந்து இறங்கியது. கட்டியைக் கொக்கி போட்டு இழுத்துவிட்டுச் சாக்கை உதறினார்கள். நனைந்த உமியின் வாசம் படியேறி என் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ரங்கூனில் போட்டாதாங் படகுத்துறை ஐஸ் கிடங்கில் நான் எத்தனை வருஷம் வேலை பார்த்தேன் என்பதைக் கேட்கிறவரின் வயதுக்குத் தகுந்தபடி கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கிறேன். அத்தனை வருஷமும் அது எனக்குச் சோற்று வாசம். உன்னை ஐஸ் வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போன நாளிலிருந்து அப்படி இல்லை. அந்த உமி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கால் வேகமாக நடக்கப் பார்க்கிறது. கால்தான் இப்போது நடக்கிற நிலையில் இல்லை.

அது எண்பத்தெட்டு, ஆட்சிக்கு எதிராக ரங்கூனே கொதித்த வருஷம். உனக்குப் பதினொரு வயது. நீங்கள் குடியிருந்த தின்கன்ஜூன் பக்கம் சரியில்லை என்று அத்தான் உன்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு பபேடானில் இருந்த என் ஒற்றை அறைக்கு வந்திருந்தார். பபேடான் மட்டும் சரியாக இருந்ததா என்ன? போலீஸ் என்று ஒன்று ஊரில் இல்லாமலே போயிருந்தது. சிறைக் கதவைத் திறந்துவிட்டுவிட்டார்கள் என்றார்கள். குடிதண்ணீரில் விஷம் கலக்க ஆள் விட்டிருக்கிறார்கள் என்றார்கள். யார் விட்டது, எங்கே கலந்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் பக்கத்துத் தெருவைக் காட்டினார்கள். தெருவுக்குத் தெரு மூங்கிலால் வேலி கட்டி, ஒரு வாசல் வைத்து, அதில் ஆட்கள் முறை போட்டு நின்றார்கள். ஒருவன் கையில் ஈட்டி, ஒருவன் கையில் சைக்கிள் கம்பியைக் கூர்தீட்டிச் செய்த அம்பு, என் கையில் ஐஸ் கொக்கி. எங்கள் தெரு வாசலுக்கு நான்தான் தலைவன். நிற்கிறவர்களுக்கு டீ வாங்கி வருவது என் பொறுப்பு என்று அத்தான் சொல்வார். இரண்டும் ஒரே ஆள் பார்க்கக்கூடிய வேலைதான்.

அந்த நாட்களில்தான் நீ தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாய்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் தொண்டை காய்ந்திருந்த காலம். நீ செம்பை வைத்த கையோடு மறுபடி எடுத்தாய். அறைக் குடம் காலியானால் தெருமுனைக்குப் போனாய். அங்கே சின்னக் கூரையின் கீழ் வரிசையாக மண்பானைகள் இருக்கும், போகிற வருகிற யாரும் குடிக்கலாம். அதை நிரப்புகிறவர் மாசிலாமணி. கிழவர், நம் மாதா கோயில்காரர், காவடிக் கம்பில் இரண்டு தகரம் கட்டித் தண்ணீர் சுமந்து தெருவில் பாதி வீட்டுக்கு ஊற்றுவார். கடைசி நடைத் தண்ணீரைக் காசு வாங்காமல் பானைகளுக்கு ஊற்றுவார். உன்னைக் கண்டால் தனியாக ஒரு குவளை மொண்டு தருவார்.

“ஏ மருமவனே, ஒன் அக்கா மவ வயித்துக்குள்ள இன்னொரு ஆறு ஓடுதாய்யா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஐராவதிக்கே இவதான் தண்ணி குடுக்கறா” என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம்.

நீ இளைத்தாய். படுக்கை நனைந்தது. அக்கா அதைப் பயம் என்று நினைத்தாள். துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிள்ளை பாயை நனைக்காமல் என்ன செய்யும் என்று அவள் சொன்னதில் எனக்கும் ஒரு தவறும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை நீ எழுந்திருக்கவில்லை. மூச்சு அடியிலிருந்து இழுத்து இழுத்து வந்தது. வாயில் கனிந்த பழத்தின் வாசம். பஸ் இல்லை, டாக்சி இல்லை. நான் கிடங்குக்கு ஓடி ஐஸ் வண்டியை எடுத்து வந்தேன். உமிச் சாக்கு ஈரமாக இருந்தது. மாற்றுச் சாக்கு தேட நேரமில்லாமல் அதன் மேலேயே உன்னைப் போட்டேன்.

தெரு வாசலில் நிறுத்தினார்கள். எங்கள் ஆட்கள்தான், எங்கள் தெருப் பையன்கள்தான். பிள்ளைக்கு என்ன என்று கேட்டார்கள். அக்கா அழுதுகொண்டே சொன்னாள், “தண்ணி தண்ணின்னு குடிச்சா, இப்படி ஆயிட்டா.”

அக்கா சொன்னதில் பொய் இல்லை. நடந்ததைத்தான் நடந்த வரிசையில் சொன்னாள். வாசலைத் திறந்துவிட்டார்கள். நான் வண்டியைத் தள்ளினேன். குண்டு மழைக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனதாக நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சுடவில்லை பாப்பா, வேறு நாள் சுட்டார்கள். அன்று தெரு அமைதியாகத்தான் இருந்தது. சக்கரம் மட்டும் கத்தியது.

ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்து, கையில் ஊசி குத்தி, அக்காவை உன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மதியம் வாக்கில் காலி வண்டியோடு திரும்பினேன். எங்கள் தெரு வாசலுக்கு உள்ளே, பானை மேடைக்குப் பக்கத்தில், மாசிலாமணி கிடந்தார். தகரங்கள் நசுங்கிக் கிடந்தன. தண்ணீர் ஓடிய இடம் அதற்குள் காய்ந்துகூடப் போயிருந்தது.

நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். பிள்ளை தண்ணீர் குடித்து விழுந்துவிட்டது என்ற பேச்சு வாசலிலிருந்து தெருக்கோடி வரை போனது. கடைசி நடைத் தண்ணீரோடு அவர் வந்தார். ஒருவன் அவர் மடியைத் தடவிப் பார்த்து ஒரு பொட்டலத்தை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினான். வெள்ளைத் தூள். அவ்வளவுதான். அது படிகாரம். கலங்கல் தண்ணீர் தெளிய வேண்டும் என்று எத்தனையோ காலமாக அவர் போட்டு வந்தது. அடித்தவர்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்.

“நம்ம மாசிலாமணிடா, கண்ணு தெரியலையா?” என்று ஒருவனைக் கேட்டேன்.

“தெரிஞ்சுதுண்ணே” என்றான். “வெலைக்கு வாங்கிட்டாங்கன்னு நெனச்சோம்.”

கையிலிருந்த ஈட்டியை வேலியில் சாய்த்து வைத்தான். அழவும் செய்தான். இன்னும் கொஞ்ச நேரம் முன்னால் வந்திருந்தால் நான் தடுத்திருப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். என் கொக்கிக்கு அவ்வளவு மரியாதை இருந்ததா என்று எனக்கே தெரியாது.

பல நாள் கழித்து நீ கண்விழித்துக் கஞ்சி குடித்தாய். அதற்குள் ஊரில் வேறு காவல் வந்துவிட்டது. மூங்கில் வேலிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பட்டாளத்தார் நின்றார்கள். உன்னைப் பார்த்த டாக்டர் இளவயதுப் பர்மியப் பெண். டாக்டரம்மாவையும் டீச்சரம்மாவையும் அவர்கள் கூப்பிடுகிற மாதிரி நாமும் சயாமா என்றே கூப்பிட்டோம். அத்தானையும் என்னையும் நிற்கவைத்து, நிதானமான பர்மியத்தில் சொன்னார். இது சாப்பாட்டால் வருகிற பெரியவர்களுடைய சர்க்கரை இல்லை. கணையம் என்று வயிற்றுக்குப் பின்னால் ஓர் உறுப்பு. அதில் தீவு தீவாக இருக்கிற சில செல்கள்தான் இன்சுலின் செய்கின்றன. இன்சுலின் இல்லாவிட்டால் தின்ற சோறு இரத்தத்தில் சர்க்கரையாக நின்றுவிடும், உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாது. அந்தச் செல்களை இந்தப் பிள்ளையின் சொந்த வெள்ளை அணுக்களே தாக்கி அழித்திருக்கின்றன. கிருமியை அடிக்க வேண்டிய காவல் அணுக்கள். இப்போது தொடங்கியதில்லை, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே வெகுகாலமாக நடந்திருக்கும். பெரும்பகுதி அழிந்த பிறகுதான் தாகம் எடுக்கும்.

“ஏன் சயாமா, சொந்த ஆளுன்னு அதுங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியணும். எங்கயோ தப்பாப் போச்சு. ஏன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது.”

“எங்க தெரு வாசல்ல நடந்த மாதிரி” என்றேன்.

சயாமா வராந்தாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “மெதுவாப் பேசுங்க” என்றார். பிறகு, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். சுருக்கமாக, எதையும் கூட்டாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்ன கதை அது ஒன்றுதான் இருக்கும்.

அதற்குப் பிறகு எனக்குச் சயாமா சொன்னதெல்லாம் முகத்தோடு தெரிய ஆரம்பித்தது. ஏழாவதோடு நின்றவன் நான். ஆனாலும் இந்த ஒரு பாடத்தில் என்னை யாரும் மடக்க முடியாது. கணையத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து, “இதோ பார், எதிரி” என்று தூக்கிக் காட்டுகிற அணு ஒன்று இருக்கிறது. அது பொட்டலத்தைத் தூக்கியவன். அதைப் பார்த்துக் கட்டளை போடுகிறவன் ஒருவன், போய் அடிக்கிறவன் ஒருவன். இவர்களை டி செல் என்கிறார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பியில் இவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. சொந்த ஆளைப் பார்த்து முறைக்கிறவனை அங்கேயே தீர்த்துவிட வேண்டும். சிலர் தப்பி வந்துவிடுகிறார்கள். அப்படி வந்தவர்களைத் தோளைப் பிடித்து, “விடு, நம்ம ஆளு” என்று நிறுத்தவும் சில அணுக்கள் உண்டு. உன் விஷயத்தில் அவர்கள் குரல் எடுபடவில்லை. ஒரு தடவை பொட்டலத்தைப் பார்த்துவிட்டால் அந்த அடையாளத்தை மறக்கவே மாட்டார்களாம். இதில் பாதி சயாமா சொன்னது, பாதி நீ பெரியவளாகிப் புத்தகம் பார்த்து எனக்குச் சொன்னது. எது எது என்று இப்போது பிரிக்க முடியாது.

அத்தான் வேறு பாடம் படித்தார். அக்கா உனக்குக் காலையில் டின்பால் ஊற்றி டீ கொடுத்துப் பழக்கியவள். “டின்பாலை ஊத்தி ஊத்தியே புள்ளையக் கெடுத்தே” என்று அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அக்கா அதன் பிறகு சாகும்வரை தன் டீயில் சர்க்கரை போடவில்லை. சயாமா சொன்னதை நான் அத்தானுக்கு எத்தனை தடவை எடுத்துச் சொன்னேன் தெரியுமா? அவர் புரிந்துகொண்டார். மன்னிப்பும் கேட்டார். அக்காவின் நாக்குக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

மாசிலாமணி எங்கே என்று நீ கேட்டாய். மோல்மீனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று எல்லாரும் சேர்ந்து ஒரே மாதிரி சொன்னோம்.

வீட்டுக்கு வந்த சில மாதங்களில் ஓர் அதிசயம் நடந்ததே, நினைவிருக்கிறதா? ஊசி மருந்தின் அளவைச் சயாமா குறைத்துக்கொண்டே வந்தார். நீ சதை பிடித்தாய், பள்ளிக்கூடம் திறந்தபோது ஓடினாய். கோயிலில் அத்தான் நன்றிப் பூசை வைத்தார். நான் கிடங்கில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, என் ஐஸில் வைத்த மருந்துதான் குணமாக்கியது என்றேன். அந்த ஐஸ் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். குளிரைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்று முதல் குப்பியைக் கட்டிக்குள்ளேயே புதைத்துவைத்தேன். உறைந்து பாழாய்ப் போனது. “குளிர்ச்சியாத்தான் இருக்கணும், கல்லாகக் கூடாது” என்று சயாமா திட்டினார். பிறகு ஈர உமிக்குள் மண்சட்டி வைத்து, அதற்குள் குப்பியை வைத்துப் பழகிக்கொண்டேன். கரண்ட் இல்லாத ரங்கூனில் உன் மருந்து ஒரு நாள்கூடக் கெட்டதில்லை. இது கூட்டிச் சொல்வதில்லை.

சயாமா மட்டும் சந்தோஷப்படவில்லை. மிச்சம் இருக்கிற கொஞ்சம் செல்கள், வெளியிலிருந்து மருந்து வருவதால் மூச்சு விட்டுக்கொண்டு வேலை செய்கின்றன, அவ்வளவுதான் என்றார். காவல் அணுக்கள் நிற்கவில்லை, அவற்றையும் முடிப்பார்கள் என்றார். “அப்போ அந்தக் காவல்காரங்களையே கொன்னுட்டா என்ன?” என்று நீ கேட்டாய். சயாமா உன் முழங்காலில் ஆறிப்போன காயத்தைத் தொட்டுக் காட்டினார். “இதை ஆத்தினதும் அவங்கதான். அவங்க இல்லேன்னா சளி பிடிச்சாலே நீ செத்துருவே” என்றார். நீ அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அக்கா கிடங்குக்கே வந்துவிட்டாள். தின்கன்ஜூனிலிருந்து பஸ் மாறி மாறி, புடவையெல்லாம் சேறு. அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

“ஊசி போட விட மாட்டேங்கறாடா. நேத்துலேருந்து. கதவைச் சாத்திக்கிட்டா.”

“அத்தான் என்ன சொன்னாரு?”

“உண்மையெல்லாம் சொல்லிப் பாத்தாச்சு. நீ வா. உன் பொய்யைத்தான் அவ கேப்பா.”

கொக்கியைக் கீழே வைக்கக்கூட மறந்து பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

நீ சன்னலோரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உதடு வெடித்திருந்தது. மூச்சில் அந்தப் பழவாசம் லேசாகத் தொடங்கியிருந்தது.

“மிச்சம் இருந்ததும் போச்சாம் மாமா” என்றாய். “இனிமே அளவு கொறையாதாம். சயாமா சொன்னாங்க. அப்போ எல்லாம் செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்?”

நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததைச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி உன்னிடம் சொல்லிவிட்டாள். மாசிலாமணி மோல்மீன் போகவில்லை. உன்னால்தான் அடித்துக் கொன்றார்கள்.

“நான் தண்ணி குடிச்சதாலதானே மாமா?”

“யாரு சொன்னா? அவங்க பாத்தாங்களா?”

“ஹௌக்லா?” என்றாய். நான் எது சொன்னாலும் அப்படியா என்று பர்மியத்தில் ஒரு கேள்வி போடுவாயே, அதே கேள்வி. ஆனால் எப்போதும் இருக்கிற சிரிப்பு அதில் இல்லை. “என்னால ஒருத்தர் செத்தாச்சு. எனக்குள்ள இருக்கறவங்களும் என்னை வேண்டாம்னு அடிக்கறாங்க. நான் எதுக்கு நடுவுல ஊசி போட்டுக்கணும்? விட்டுருங்க.”

கதவுக்கு வெளியே அக்கா ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் வளையல் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எல்லாம் சாகலை” என்றேன்.

நீ திரும்பவில்லை.

“சயாமா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. சின்னப் புள்ளைகிட்ட சொல்ல வேணாம்னாங்க, அதான் சொல்லலை. ஒண்ணு மிச்சம் இருக்கு. ஒரே ஒண்ணு. அடிக்க வந்தவங்க கண்ணுல படாம, கணையத்துக்கு ஓரத்துல ஒரு சந்து இருக்கு, அதுக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்கு.”

அப்போதுதான் முகத்தைத் திருப்பினாய். நான் எதிர்பார்த்த அந்த ‘ஹௌக்லா’ வரவில்லை. வேறொன்று வந்தது.

“மாசிலா தாத்தாவா?”

“அவரேதான்” என்றேன். “இங்க அடிச்சாங்க. அங்க தப்பிச்சுட்டாரு. தகரத்தையும் கம்பையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, சத்தம் காட்டாம உக்காந்திருக்காரு. வெளியிலேருந்து ஊசி வந்தா ஊருக்குத் தண்ணி வந்த மாதிரி. அவரு எழுந்திருக்க வேண்டியதில்ல. ஊசி வரலைன்னா அந்த மனுஷன் சும்மா இருப்பாரா? புள்ளைக்குத் தாகமா இருக்குமேன்னு தகரத்தைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துருவாரு. வாசல்ல அவங்க நிக்கறாங்க. வந்தா பாத்துருவாங்க.”

நீ கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாய். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பாவாடையைத் தொடைக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு, “அம்மா” என்று கூப்பிட்டாய். அக்கா உள்ளே வந்தாள். ஊசி போட்டு முடித்ததும் சுவரோரம் போய் என்னைப் பார்த்து நின்றாள். திட்டுவாளோ என்று நினைத்தேன். “சாப்பிட்டுட்டுப் போடா” என்றாள்.

அதற்குப் பிறகு நீ ஒரு வேளைகூட விட்டதில்லை. மருந்து கிடைக்காத நாட்கள் இருந்தன. கப்பல் கேப்டனே எனக்காகப் பினாங்கிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்லுவேன், கப்பல் சமையல்காரன்தான் கொண்டுவந்தான். இருந்ததைக் குறைத்துக் குறைத்துப் போட்டுச் சமாளித்த நாட்களில் நீ சோற்றையும் குறைத்துக்கொண்டாய். “தாத்தா எழுந்திருக்கக் கூடாது” என்பாய். பள்ளி முடித்தாய். பபேடானில் நகலெடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். மருத்துவ மாணவர்கள் கொண்டுவருகிற புத்தகங்களை நகலெடுக்கும்போது உன் சீக்கு வருகிற பக்கத்தைப் படித்துவிட்டு மாலையில் என் அறைக்கு வந்து சொல்வாய். இந்த அணு இப்படி, அந்த அணு அப்படி என்று கையை ஆட்டி நீ விளக்குவாய். நானும் எல்லாம் எனக்கு முன்னாலேயே தெரிந்த மாதிரித் தலையாட்டுவேன். “மாமா, போன தடவ வண்டிய ஒங்களோட ரெண்டு பேரு தள்ளினாங்கன்னீங்க, இன்னைக்கு நீங்க மட்டுந்தானா?” என்று என் கதைகளில் எதையும் விட்டுவைக்கமாட்டாய். சந்துக்குள் ஒளிந்திருக்கிற அந்த ஒன்றைப் பற்றி மட்டும் நீ எந்தப் புத்தகத்திலிருந்தும் எதையும் கொண்டுவந்து என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

உனக்குப் பார்த்த சம்பந்தங்கள் எல்லாம் ஊசி என்ற சொல்லில் வந்து நின்றன. பிறகு கண் மங்கியது. நகலெடுக்கும் கடையில் எழுத்து தெரியாமல் தாளைத் தலைகீழாக வைத்ததற்காக முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, நீயே வேலையை விட்டாய். பிறகு கால் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். நம் சயாமா அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். இரத்தத்தைச் சுத்திகரிக்கிற எந்திரத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையும் நீ இன்னும் சின்னவளாகித் திரும்பி வந்தாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நீ இருந்தது ஒரு மத்தியானம். வெளியே தண்ணீர்த் திருவிழாக் கூட்டம் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. கண் தெரியாமல் என் கையைத் தடவி, விரலில் கொக்கி பிடித்த காய்ப்பைத் தொட்டு என்னைத் தெரிந்துகொண்டாய்.

“மாமா, அவரு இருக்காரா?”

“இருக்காரு” என்றேன்.

“நான் போனா அவரு என்ன செய்வாரு?”

அதற்கு நான் தயாராக இல்லை, பாப்பா. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான். நீ என் விரலைத் தட்டிக்கொடுத்தாய். என்னைத்தான் தேற்றுகிறாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டாய்.

உன் பெட்டியைத் தூக்கியவர்களில் முன்பக்கம் இடது தோள் கொடுத்தவன், அன்றைக்கு எங்கள் தெரு வாசலில் “தெரிஞ்சுதுண்ணே” என்றவன். பிள்ளைகுட்டிக்காரன் ஆகிவிட்டான். நல்லவன். என் வாடகை அறைக்குக் கூரை ஒழுகினால் அவன்தான் ஏறி அடைக்கிறான். கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் ஒரு தடவைகூடத் தோள் மாற்றிக்கொள்ளவில்லை.

அக்கா அடுத்த வருஷமே உன்னிடம் வந்துவிட்டாள். அத்தான் தின்கன்ஜூனில் இருக்கிறார், காது கேட்பதில்லை. நான் மட்டும் இங்கே, எல்லாருடைய கதையையும் என் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். மேலே எழுதியதில் எங்கெங்கே கூட்டினேன் என்று உனக்கே தெரியும், நீ கண்டுபிடித்துக்கொள்வாய். ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன்.

சயாமா என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. நான்தான் அவர் பின்னால் போனேன். நீ கதவைச் சாத்திக்கொள்வதற்கு முந்தின வாரம், அளவு இனிக் குறையாது என்று அவர் சொன்ன அன்றைக்கு. “ஒண்ணுகூடவா மிச்சமில்ல, சயாமா?” என்று கேட்டேன். அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போனார். ஒன்று மிச்சம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, பாப்பா. உன் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து, கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு, நான் உண்டாக்கியது அது. நீ போன பிறகு அந்தக் கிழவரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. என்னிடமே வைத்திருக்கிறேன்.